நுளம்பின் வயிற்றில் விடை கண்டவர்: சேர் றொனால்ட் றொஸ் (1857–1932)

நூற்றாண்டு மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது நல்ல மரபு. இம்முறை நாம் தெரிந்தெடுத்தவர் நம் கல்லூரிக்கு வந்தவருமல்லர், நம் இனத்தவருமல்லர். விஞ்ஞான வகுப்பில் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை வரைந்த நாட்களில் அவர் பெயரை ஒரு வரியில் படித்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். ஆயினும் மலையகத்துப் பெண்பிள்ளைகளாகிய நாம் அவரை நினைப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

நம்மில் பலருடைய பாட்டன் பூட்டிமார் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கோப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் காய்ச்சலாலும் பேதியாலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். உயிரோடு மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் முத்துமாரியம்மனைக் கும்பிட்டு விட்டே மலையேறினார்கள் என்பது நாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த கதை. அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பது நடந்தவர்களுக்கும் தெரியாது, அவர்களை அழைத்து வந்த கங்காணிமாருக்கும் தெரியாது, தோட்டத்துத் துரைமாருக்கும் அவர்களுடைய வைத்தியர்களுக்கும் தெரியாது. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள்படுவது. சதுப்பு நிலத்து ஆவியே காய்ச்சலைத் தருகிறது என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. அந்த அறியாமையை நீக்கியவர் றொனால்ட் றொஸ்.

பிறப்பும் இளமையும்

றொஸ் 1857 மே 13 ஆம் திகதி இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். இந்தியச் சிப்பாய்க் கிளர்ச்சி தொடங்கி மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் இந்தியப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

சித்திரம், கவிதை, கணிதம் ஆகிய மூன்றிலுமே அவருடைய மனம் ஈடுபட்டிருந்தது. மகன் வைத்தியனாக வேண்டும் என்பது தந்தையாரின் முடிவு. லண்டன் சென் பார்தொலொமியூ வைத்தியசாலையில் அரைமனதோடு படித்துத் தேறிய றொஸ், 1881 இல் இந்திய வைத்திய சேவையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு நியமனம் பெற்றார். முதற் சில ஆண்டுகளில் அவர் வைத்தியத்துக்குச் செலவிட்ட நேரத்தைவிடக் கவிதைக்கும் கணிதத்துக்கும் செலவிட்ட நேரமே அதிகம். பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்தால் மனமுடைந்து போகும் தாய்மார் நம் சங்கத்திலும் உண்டு. நாற்பது வயதில் உலகப் புகழ் அடைந்த ஒருவர் இருபது வயதில் எப்படி இருந்தார் என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1883 இல் பெங்களூரில் இருந்தபோது அவருடைய பங்களாவில் நுளம்புத் தொல்லை மிகுந்திருந்தது. தேடிப் பார்த்ததில் யன்னலுக்கு வெளியே இருந்த பீப்பாய் நீரில் குடம்பிகள் நெளிவதைக் கண்டார். நீரைக் கொட்டிக் கவிழ்த்ததும் தொல்லை குறைந்தது. படை முகாம் முழுவதிலும் இப்படிச் செய்யலாமே என்று மேலதிகாரியிடம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கில் தலையிடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை றொஸ் அப்போது அறிந்திருக்கவில்லை. ஆயினும் பிற்காலத்தில் அவர் உலகெங்கும் சொல்லிய பரிகாரத்தின் முதற்படி அந்தப் பீப்பாய்தான்.

கேள்வியும் தேடலும்

1894 இல் விடுமுறையில் லண்டன் சென்ற றொஸ், பற்றிக் மான்சன் என்னும் மூத்த வைத்தியரைச் சந்தித்தார். மலேரியா நோயாளியின் குருதியில் உள்ள ஒட்டுண்ணியைப் பிரெஞ்சு வைத்தியர் லவரான் 1880 இலேயே கண்டிருந்தார். மான்சன் அதை நுணுக்குக்காட்டியில் றொஸுக்குக் காட்டி, இது நுளம்பின் வழியாகவே பரவுகிறது எனத் தாம் கருதுவதையும் சொன்னார். ஆனால் நுளம்பு நீரில் விழுந்து இறக்க, அந்த நீரைக் குடிப்பவருக்கே நோய் வருகிறது என்பது மான்சனின் எண்ணம். வழி பிழையாயினும் திசை சரியாக இருந்தது.

1895 இல் செக்கந்தராபாத்துக்குத் திரும்பிய றொஸ் தேடலைத் தொடங்கினார். நோயாளிகளைக் கடித்த நுளம்புகளைப் பிடித்து, ஒவ்வொன்றாக அறுத்து, கலம் கலமாகப் பார்த்தார். நுளம்புகள் பறந்துவிடும் என்பதால் வெக்கையிலும் பங்கா இழுக்க முடியாது. நெற்றி வியர்வை வடிந்து நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. இரண்டு ஆண்டுகள் ஒன்றும் தென்படவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தவை மலேரியாவைப் பரப்பாத இன நுளம்புகள்.

1897 இல் விடுமுறை எடுத்து உதகமண்டலம் போனார். மலையடிவாரத்துச் சீகூர்ச் சரிவில் காய்ச்சல் மலிந்த கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அவற்றைப் பார்க்கச் சென்ற றொஸுக்கும் மலேரியா கண்டது. தோட்டத் தொழிலாளரை வாட்டிய அதே நோயை அவர் தம் உடம்பிலும் அனுபவித்துத் தேறினார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் செக்கந்தராபாத்தில், சிறகில் புள்ளிகள் கொண்ட வேறோர் இன நுளம்பின் குடம்பிகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றை வளர்த்து, ஹுசேன் கான் என்னும் மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டார். கடிக்கும் நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஓகஸ்ட் 20 ஆம் திகதி, அவ்வாறு கடித்த நுளம்பு ஒன்றின் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட வட்டமான கலங்களைக் கண்டார். ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் வளர்கிறது என்பதற்கு அதுவே முதற் சான்று. மகிழ்ச்சியில் ஒரு கவிதையும் எழுதினார். இன்று உலக நுளம்பு தினம் கொண்டாடப்படுவது அந்த நாளிலேயே.

அடுத்த மாதமே மேலிடம் அவரை ராஜபுதனத்தில் உள்ள கேர்வாராவுக்கு மாற்றியது. அங்கே மலேரியா அரிது. மாதக்கணக்கில் வேலை நின்றது. 1898 இல் கல்கத்தாவுக்கு வர இடம் கிடைத்ததும் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் நுளம்புகளையும் பறவைகளையும் பராமரித்து இரவு பகலாக உடன் உழைத்தார். அவ்வாண்டு ஜூலையில் ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைவதையும், அந்த நுளம்பு கடித்த நல்ல பறவைக்கு நோய் வருவதையும் றொஸ் நிறுவினார். காற்றுமன்று, நீருமன்று; நுளம்பின் கடியே காரணம் என்பது உறுதியாயிற்று.

1902 இல் வைத்தியத்துக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மனிதரில் மலேரியாவை அனோபிலிஸ் நுளம்பு பரப்புவதை முழுமையாகக் காட்டிய இத்தாலிய விஞ்ஞானி கிராசிக்குப் பங்கு கிடைக்கவில்லை. முதலில் கண்டவர் யார் என்று இருவருக்குமிடையே எழுந்த கசப்பு ஆயுள்வரை தீரவில்லை. றொஸ் தம் உரிமையை விட்டுக்கொடுக்காதவர். தமக்கு வரவேண்டிய மதிப்பும் பணமும் வரவில்லை என்று அரசாங்கத்தோடும் ஓயாமல் வழக்காடியவர். ஹுசேன் கானுக்கோ கூலியாகக் கிடைத்த அணாக்களே மிச்சம். பெரியாரின் வரலாற்றை எழுதும்போது இரு பக்கங்களையும் சொல்வதே முறை என நாம் எண்ணுகிறோம்.

கணக்கும் காசும்

1899 இல் இந்தியச் சேவையை விட்டு லிவர்பூல் வெப்பமண்டல வைத்தியக் கல்லூரிக்குச் சென்றார் றொஸ். அவருடைய வாழ்வின் இரண்டாம் பகுதி அங்கே தொடங்குகிறது. நோயின் வழி தெரிந்துவிட்டது. இனி ஏன் ஒருவரேனும் அதனால் சாகவேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

சியரா லியோனுக்கும் சுயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியாவுக்கும் சென்றார். இஸ்மாயிலியாவில் கால்வாய்க் கொம்பனி காசு செலவழிக்கச் சம்மதித்தது. தேங்கிய நீர் வடிக்கப்பட்டது. வீடு வீடாகத் தொட்டிகள் கவனிக்கப்பட்டன. ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருந்த காய்ச்சல் மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழ் இறங்கியது. சியரா லியோனில் அத்தகைய செலவு தொடர்ந்து செய்யப்படவில்லை, பலனும் நிலைக்கவில்லை. ஒரே அறிவு ஓரிடத்தில் உயிர்காத்தது, மற்றோரிடத்தில் ஏட்டில் கிடந்தது. வேறுபாடு காசிலும் அக்கறையிலும் இருந்தது.

1907–08 இல் மொரீசியசுக்குச் சென்றார். அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர் பலர் கூலிகளாகச் சென்றிருந்ததை வாசகியர் அறிவர். அங்கே றொஸ் முதலிற் செய்தது எண்ணியதே. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஊர்தோறும் கணக்கெடுத்தார். மலேரியா உள்ளவரின் மண்ணீரல் வீங்கும் என்பதால், எந்த ஊரில் எவ்வளவு நோய் என்பது அந்தக் கணக்கில் வெளிப்பட்டது.

இளமையில் விளையாட்டாகப் பயின்ற கணிதம் இங்கே கைகொடுத்தது. நுளம்புகளை முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அற்றுப்போகும் என்று சமன்பாடுகள் எழுதிக் காட்டினார். 1910 இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு பற்றிய அவருடைய நூலில் இக்கருத்து விளக்கப்பட்டது. எல்லா நுளம்பையும் கொல்ல முடியாது என்று சொல்லிக் கைகட்டி நின்ற அதிகாரிகளுக்கு அது தக்க பதில். இன்றைய தொற்றுநோய்க் கணிதத்தின் தந்தையருள் ஒருவராக அவரைக் கொள்வது இதனாலேயே.

முதலாம் உலகப் போரின் முதல் மாதத்திலேயே மூத்த மகனைப் பலிகொடுத்தார். அதன் பின்னும் படையினரின் நோய்களை ஆராய எகிப்துக்குச் சென்று பணியாற்றினார்.

றொஸ் நிறுவனம்

1926 இல் லண்டன் பட்னியில் வெப்பமண்டல நோய்களுக்கான றொஸ் ஆய்வு நிறுவனமும் வைத்தியசாலையும் திறக்கப்பட்டன. இறக்கும்வரை அதன் தலைமைப் பணிப்பாளராக இருந்தவர் றொஸ். உலகின் பல நாடுகளில் உழைப்பவரின் நோய்களை ஓரிடத்திலிருந்து ஆராய்ந்து, தடுக்கும் வழியை அந்தந்த நாட்டுக்குச் சொல்லி அனுப்புவதே நிறுவனத்தின் நோக்கம். அவரோடு இணைந்தவர் சேர் மல்கம் வொட்சன். மலாயாவில் கிள்ளான் முதலிய இடங்களில், இறப்பர்த் தோட்டத் தமிழர் கூட்டங்கூட்டமாக மடிந்த காலத்தில், 1901 முதல் வடிகால் அமைத்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியவர் அவர். எந்த இன நுளம்பு எந்த நீரில் முட்டையிடுகிறது என்று அறிந்து அந்த நீரை மட்டும் கவனித்தால் செலவு குறையும் என்பது வொட்சனின் முறை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் நம் சகோதரியர் இதைப் படிக்கையில் தங்கள் ஊரின் பழைய கதையாகவே உணர்வார்கள்.

நிறுவனத்துக்குப் பணம் வந்த வழியையும் சொல்லவேண்டும். பொதுமக்களின் நன்கொடையோடு, தேயிலை, இறப்பர், சுரங்கக் கொம்பனிகளும் பணம் தந்தன. விடுமுறையில் லண்டன் வரும் தோட்டத் துரைமாருக்குச் சுகாதார வகுப்புகள் நடத்தப்பட்டன. அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் நிறுவனத்தின் கிளை வேலை செய்தது. காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளி கொழுந்து எடுக்க மாட்டாள் என்ற கணக்கு கொம்பனிகளுக்கு நன்கு விளங்கியது. இலாபத்துக்காக வந்த சுகாதாரமாயினும் அதனால் பிழைத்த உயிர்கள் பல. ஆனால் இலாபக் கணக்கில் வராத உயிரை யார் காப்பது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் விடை இல்லை.

கடைசி ஆண்டுகள் அவருக்குக் கடினமானவை. கல்கத்தாவில் அவர் ஆய்வு செய்த இடத்தில் நினைவு வாயில் ஒன்று 1927 ஜனவரியில் திறக்கப்பட்டபோது நேரில் வந்திருந்தார். அவ்வாண்டிலேயே பாரிசவாதம் கண்டது. பணமுடையால் 1928 இல் தம் ஆய்வுக் கடிதங்களையும் ஏடுகளையும் விற்றார். 1931 இல் மனைவியார் காலமானார். 1932 செப்டெம்பர் 16 ஆம் திகதி, தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலேயே றொஸ் உயிர்நீத்தார். 1934 இல் நிறுவனம் லண்டன் சுகாதார, வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது.

நம் தீவில்

அதே 1934 இல் நம் நாட்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. அந்தக் குட்டைகளில் மலேரியா நுளம்பு பல்கியது. பயிரும் பொய்த்து, மக்கள் பசியில் இருந்த நேரம். கேகாலை, குருநாகல் பகுதிகளிலும் அயற் பகுதிகளிலும் 1935 இன் முதல் மாதங்கள் வரை ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். குழந்தைகளே அதிகம். நோயின் காரணம் அறியப்பட்டு 37 ஆண்டுகள் கழிந்திருந்தன. அறிவு இருந்தது, ஊரில் உணவும், கைக்கெட்டும் தூரத்தில் கொயினாவும் வைத்தியரும் இல்லை.

1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதும் நோய் விரைந்து இறங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா. வென்றுவிட்டோம் என்று தெளிப்பதும் தேடுவதும் தளர்ந்தன. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பின்னர் பல பத்தாண்டுகள் சலியாமல் வீடு வீடாகத் தேடி, குருதி சோதித்து, எண்ணி எண்ணிச் செய்த பணியின் பலனாக 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. றொஸ் காட்டிய எண்ணிக்கை வழியின் வெற்றி அது.

மலையகத்தின் கதை சற்று வேறு. 4000 அடியில் உள்ள ஹற்றனிலும் 6000 அடியில் உள்ள நுவரெலியாவிலும் குளிர் காரணமாக மலேரியா நுளம்பு வேர்கொள்ளவில்லை. நம்மவரைத் தேய்த்த நோய்கள் வேறு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் கொழுக்கிப்புழு அவற்றுள் ஒன்று. 1916 அளவில் அமெரிக்க றொக்பெல்லர் நிதியத்தார் தோட்டங்களில் பூச்சி மருந்து கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். மருந்து குடித்த தொழிலாளிக்குப் புழு விழுந்தது. லயத்துக்கு மலசலகூடம் இல்லாதவரை அதே மண்ணிலிருந்து புழு மறுபடியும் ஏறியது. காரணம் தெரிந்தும் காசு செலவாகாத இடத்தில் நோய் போகாது என்பதை நம் லயங்களும் காட்டின.

தோட்டத்து வைத்தியம் நெடுங்காலம் தோட்டத்தாரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1912 இன் சட்டங்கள் டிஸ்பென்சரிக்கும் மருந்துக்கும் வழிசெய்தன. ஆயினும் நாட்டின் கிராமங்களுக்குப் படிப்படியாகச் சென்ற இலவச வைத்திய சேவை தோட்ட எல்லையில் தயங்கி நின்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றோராக்கியபின் அவர்களுக்காகக் கேட்க வேண்டிய குரலும் மெலிந்தது. பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போன தாய், அந்தி சாயும்போது திரும்பி வந்து காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மைல் நடந்தாள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் அந்தப் பிள்ளைகளே.

நமக்குரிய பங்கு

றொஸின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அவருடைய பரிசன்று. எண்ணாத இடத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாது; தெரிந்த பின்பும் செலவழிக்க ஆளில்லாத இடத்தில் அது போகாது. இவ்விரண்டையும் அவர் பல ஆண்டுகள் சலியாமல் சொல்லிவந்தார்.

லயத்திலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் நம் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் இன்று வைத்தியர்களாகவும் தாதியராகவும் மருத்துவமாதர்களாகவும் ஆய்வாளர்களாகவும் ஆசிரியைகளாகவும் இருக்கிறார்கள். கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பணிசெய்கிறார்கள். றொஸின் நாளில் நம்மவர் கூலி வாங்கிக்கொண்டு நுளம்புக்குக் கைநீட்டும் பக்கத்தில் மட்டுமே இருந்தார்கள். இன்று நுணுக்குக்காட்டியின் இந்தப் பக்கத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடத்தை அடைந்தவர்கள் தோட்டத்தில் பிறக்கும் குழந்தையின் நிறை, தாயின் குருதியளவு, குடிநீரின் தூய்மை ஆகியவை நாட்டின் மற்றப் பகுதிகளோடு எப்படி ஒப்பிடுகின்றன என்று கேட்டு, எண்ணி, எழுதி, உரியவர்களின் மேசையில் வைக்கலாம். வெளிநாட்டில் இருப்போர், உதவி நிதி அனுப்பும்போது ஒரு பங்கை இத்தகைய பணிக்கென ஒதுக்கலாம். ஊரில் இருப்போர் வீட்டுப் பீலியின் கீழும் பூச்சாடியிலும் தேங்கும் நீரைக் கவிழ்ப்பதிலிருந்து தொடங்கலாம். மலேரியா போயிற்று, டெங்கு நுளம்பு இப்போது மலையேறி வருகிறது.

மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் சந்ததியார் நூறாண்டு கண்ட ஒரு கல்லூரியின் பழைய மாணவியராக நிற்கிறோம். அந்தப் பாதையில் விழுந்தவர்களை எவரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. இனிப் பிறக்கும் பிள்ளைகளேனும் கணக்கில் விடுபடாதிருக்க நாம் உழைப்போமாக.